டிஃப் ஒரு சாட்சி அல்ல

போன வருடம் ஒரு மீட்டிங்கில், டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பையனிடம் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "இந்த ஃபங்க்ஷன நீதானே எழுதின?" முதல் நாள் ராத்திரி புரொடக்‌ஷனைக் கவிழ்த்த பக் அதற்குள்தான் இருந்தது.

"இல்லண்ணா, நான் இடம் மாத்தி மட்டும்தான் வெச்சேன்."

நான் நம்பவில்லை. விஎஸ் கோடின் டைம்லைனில் அந்த ஃபைலின் இரண்டு கமிட்டுகளை ஒப்பிட்டு, திரையில் காட்டினேன். அவனுடைய கமிட்டில் நாற்பது வரிகள் பச்சையாக நின்றன. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பையன் பேசவில்லை.

சாயங்காலம் பழைய கமிட்டுகளைத் தோண்டினேன். அதே நாற்பது வரிகள் வேறொரு ஃபைலில் கிடைத்தன. எழுதியது நான். இரண்டு வருடத்துக்கு முன்னால்.

டிஃப் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு ஃபைலுக்குள் அந்த வரிகள் புதியவைதான். தப்பு, அதை நான் வாசித்த விதத்தில் இருந்தது. பச்சை என்றால் 'எழுதினான்', சிவப்பு என்றால் 'அழித்தான்' என்று நாம் பழகிவிட்டோம்.

லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், எந்த வரி எப்படி மாறியது என்று குறித்து வைப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்து ஃபைல்களின் முழுப் படம். இடம் மிச்சம் பிடிக்க உள்ளே எப்படிச் சுருக்கினாலும், கமிட் என்பது அந்த முழுப் படம்தான். வித்தியாசம் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது; நாம் கேட்கும்போதுதான் கணக்குப் போடப்படுகிறது. கிட் இயல்பாகக் கையாள்வது யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட முறை: ஒரு வடிவத்தை இன்னொன்றாக்க ஆகக் குறைந்த சேர்த்தல், நீக்கல் எவ்வளவு என்று அது தேடும். எழுதியவர் அந்தக் குறுக்குவழியில்தான் போனாரா என்பது அதற்குத் தெரியாது. எடிட்டர் தன் பங்குக்குத் தனிக் கணக்குப் போடுகிறது. அதனால் அதே இரண்டு கமிட்டுகளுக்கு டெர்மினலில் ஒரு டிஃப்பும் எடிட்டரில் வேறொரு டிஃப்பும் வரலாம். ஃபைலின் பெயர் மாறியதைக்கூட கிட் பதிந்து வைப்பதில்லை. உள்ளடக்கம் பாதிக்குப் பாதி ஒத்துப்போனால், பெயர் மாறியிருக்கிறது என்று ஊகிக்கிறது.

அப்படியென்றால் டிஃப் ஒரு வாசிப்பு. நல்ல வாசிப்புதான், ஆனால் பல வாசிப்புகளில் ஒன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கும் சுவடிகளை ஒப்பிடும் வேலை இருந்தது. பாடபேதம் கண்ணில் பட்டதும் பதிப்பாசிரியரின் வேலை முடிவதில்லை. எது எங்கிருந்து வந்தது, ஏன் மாறியது என்ற கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாம் நிறம் தெரிந்ததுமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வேறு ஃபைலிலிருந்து வந்த வரிகளைத் தேடும் வசதி கிட் பிளேமிலேயே உண்டு. ஆனால் கேட்டால்தான் தேடும். நான் கேட்கவில்லை.

மறுநாள் அதே மீட்டிங்கில், அந்த ஃபங்க்ஷனை எழுதியது நான்தான் என்று சொன்னேன். பையன் "பரவால்லண்ணா" என்றான். அப்புறம்தான் அவனுடைய கமிட் மெசேஜை முதல் தடவையாகப் படித்தேன். ஒரே வரி: ஃபங்க்ஷன் இடமாற்றம், லாஜிக்கில் மாற்றம் இல்லை.