லூயிஜிஸ் மேன்ஷன் நான்காம் பாகம்: ரசிகர்களின் ஊகங்கள்

லூயிஜிஸ் மேன்ஷன் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிடும் பேய்மாளிகை வீடியோ கேம் தொடர். மாரியோவின் தம்பி லூயிஜி இதன் நாயகன். பேய் என்றாலே கைகால் நடுங்குபவன். கையில் ஒரு டார்ச், முதுகில் ஒரு வாக்குவம் கிளீனர், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இருண்ட அறைகளில் அண்ணனைத் தேடுகிறான். முதல் ஆட்டம் 2001-இல் கேம்கியூப் கருவிக்கு வந்தது. இரண்டாவதான டார்க் மூன் 2013-இல் 3டிஎஸ் கருவிக்கும், மூன்றாவது 2019 அக்டோபர் 31 அன்று ஸ்விட்ச் கருவிக்கும் வந்தன. மூன்றாவது ஆட்டம் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆகவே நான்காவது வரும் என்பதில் ரசிகர்களுக்குச் சந்தேகமே இல்லை. எப்போது, எங்கே என்பதுதான் அவர்களது பேச்சு.

எப்போது என்ற கேள்விக்கு நிறுவனத்தின் நடவடிக்கைகளிலிருந்து விடை தேடுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் பாகங்களை உருவாக்கியது கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ். அதை நின்டெண்டோ 2021-இல் விலைக்கு வாங்கியது. 2022-இல் அவர்களிடமிருந்து மாரியோ கால்பந்து ஆட்டம் ஒன்று வந்தது. 2024-இல் டார்க் மூன் மெருகேற்றப்பட்டு ஸ்விட்சில் வெளியானபோது அந்தப் பணி வேறொரு குழுவிடம் தரப்பட்டிருந்தது. அப்படியானால் நெக்ஸ்ட் லெவல் புதிய பாகத்தில்தான் மூழ்கியிருக்கிறது என்பது ரசிகர்களின் தர்க்கம். முதல் ஆட்டம் ஸ்விட்ச் 2-இல் விளையாடக் கிடைத்ததையும் அவர்கள் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்கள். பழைய நாவலுக்கு மறுபதிப்பு வந்ததும் எழுத்தாளர் அடுத்த நாவலை முடித்துவிட்டார் என்று சொல்வதைப் போன்றது இது. முதலிரண்டு ஆட்டங்களுக்கு இடையே 12 ஆண்டுகள், அடுத்த இரண்டுக்கு இடையே 6. அந்தக் கணக்குப்படி நான்காவது 2022-லேயே வந்திருக்க வேண்டும்.

எங்கே என்ற கேள்வி இதைவிடச் சுவையானது. முதல் ஆட்டத்தில் ஒரு மாளிகை, இரண்டாவதில் ஒரு பள்ளத்தாக்கில் ஐந்து கட்டடங்கள், மூன்றாவதில் தளத்துக்கொரு உலகமாக விரியும் உயர்ந்த ஹோட்டல். அடுத்தது கப்பலாக இருக்கலாம், ரயிலாக, கேளிக்கைப் பூங்காவாக, பள்ளிக்கூடமாக இருக்கலாம் என்று பட்டியல் நீள்கிறது. இந்த ஊகங்கள் எல்லாவற்றுக்கும் அளவுகோல் பரப்பளவுதான். அதற்குக் காரணம் உண்டு. 2001-இல் முதல் ஆட்டத்தின் மீது விழுந்த பெரிய குறை அது சில மணி நேரங்களிலேயே முடிந்துவிடுகிறது என்பது. பின்வந்த ஆட்டங்கள் அந்தக் குறைக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வளர்ந்தன. வளர்ந்தபோது எது குறைந்தது என்பது ஊகங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

குறைந்தது பேய்களின் ஆளுமை. முதல் மாளிகையின் முக்கியமான பேய்கள் பெரும்பாலும் மனித உருவம் கொண்டவை. நெவில் என்ற குடும்பத் தலைவர் படிப்பறை நாற்காலியில் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறார். நேராகச் சென்று டார்ச் அடித்தால் பயனில்லை. அவர் கொட்டாவி விடும் கணத்துக்குக் காத்திருந்து ஒளியைப் பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் இதயம் தெரியும், பிடிக்க முடியும். அவர் மனைவி லிடியா கண்ணாடி முன் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். திரைச்சீலையை இழுத்துக் காற்றை உள்ளே விட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். மேடம் கிளேர்வோயா என்ற குறிசொல்பவள் மாரியோவைத் தேட உதவிவிட்டு, முடிவில் தன்னையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். வான் கோர் என்ற ஓவியன் வரைந்த பேய்களையெல்லாம் லூயிஜி உறிஞ்சிய பிறகு அவன் எதிர்த்து நிற்பதில்லை, சோர்ந்து போகிறான்.

இவர்களைப் பிடிக்கத் தேவைப்படுவது வேகமல்ல, கவனிப்பு. ஒருவரது அன்றாடப் பழக்கத்தைக் கதவோரம் நின்று பார்த்து, அவர் அசரும் நேரத்தில் உள்ளே புகுவது என்பதால் ஆட்டக்காரருக்குச் சிறு குற்றவுணர்வும் தட்டும். சிறுவர்க்கான ஆட்டத்தில் இது அரிது.

யார் இவர்கள்? ஆட்டம் தெளிவாகச் சொல்வதில்லை. லூயிஜி கலந்துகொள்ளாத ஒரு போட்டியில் அவனுக்குப் பரிசாக விழுந்த மாளிகை இது. கிங் பூ என்ற பேயரசனின் சூழ்ச்சி. அது சில இரவுகளுக்கு முன்புதான் அங்கே தோன்றியது என்று பேராசிரியர் ஈ. காட் சொல்கிறார். ஆனால் உள்ளே தொட்டிலும் படிப்பறையும் பாட்டியின் பின்னல் நூலும் இருக்கின்றன. சில நாள் வயதுள்ள வீட்டில் ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கை. இந்த முரண்பாட்டை ஆட்டம் விளக்காமல் விட்டதே அதன் பலம். தொலைபேசி அறையில் மின்னலடிக்கும்போது லூயிஜியின் நிழல் தூக்கில் தொங்குவதுபோலத் தெரிந்ததை வைத்து, அவன் இறந்துவிட்டான் என்று ரசிகர்கள் கதை கட்டினார்கள். அது நிழல் வரையும் முறையில் நேர்ந்த பிசகாகவே இருக்க வேண்டும். ஆனாலும் அந்த வதந்தி ஏன் நிலைத்தது என்பது புரிகிறது. மரணத்தைப் பற்றி வாய்திறக்காத ஒரு வீட்டில் ரசிகர்கள் அதைத் தாங்களே கொண்டுவந்து வைத்தார்கள்.

டார்க் மூன் இந்த இடத்தைக் காலி செய்தது. அங்கே பேய்கள் பெரும்பாலும் வகைகள்: பச்சை ஒரு வகை, சிவப்பு ஒரு வகை. பெயரும் பழக்கமும் போய், நிறமும் தாக்கும் முறையும் வந்தன. பணிகளாகத் துண்டாடப்பட்ட ஆட்டத்தில் பேராசிரியர் அடிக்கடி அழைத்துப் பேசிக்கொண்டே இருந்ததால் தனிமையும் போனது. மூன்றாவது ஆட்டம் ஆளுமையைப் பாதி மீட்டது. சமையல்காரர், பியானோ கலைஞர், பணிப்பெண் என்று தளத்துக்கொரு பேய். ஆனால் அவர்கள் தொழில்களாக இருக்கிறார்கள், வாழ்ந்தவர்களாக இல்லை. தவிர, பிடித்த பேயைத் தரையில் மாறி மாறி அறையும் வசதி கவனிப்பை அடிதடியாக மாற்றிவிட்டது. கையில் வாங்கி விளையாட மகிழ்ச்சியான வசதி என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் அது அடுத்த பாகத்திலும் இருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்தப் பின்னணியில் எனக்கு மதிப்புள்ளதாகத் தோன்றும் ஊகம் ஒன்றுதான்: நான்காம் பாகத்தில் பேராசிரியரே வில்லனாக இருப்பார் என்பது. பிடிபட்ட பேய்களை அவர் இயந்திரத்தில் அழுத்தி ஓவியமாக்கிச் சட்டமிட்டுத் தன் கூடத்தில் மாட்டிவைக்கிறார். கிங் பூ அவர்களை விடுவித்தது முதல் கதையின் குற்றமாகச் சொல்லப்படுகிறது. பேய்கள் மனிதர்கள் என்று எடுத்துக்கொண்டால் குற்றம் எந்தப் பக்கம் என்ற கேள்வி எழுகிறது. அவர்கள் வெறும் வண்ண உருவங்கள் என்றால் எழுவதில்லை. நின்டெண்டோ இந்தக் கதையைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. சிரிப்பு மூட்டும் கிழவரை அவ்வளவு எளிதில் கைவிடமாட்டார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மூன்றாவது ஆட்டத்திலேயே மார்ட்டி என்ற திரைப்பட இயக்குநர் பேய் இருக்கிறார். தொலைந்துபோன தன் ஒலிபெருக்கியைத் தேடி அலைகிறார். லூயிஜி அதைக் கண்டுபிடித்துக் கொடுத்து அவரது படத்தில் நடித்தால், படப்பிடிப்பு முடிந்ததும் லிஃப்ட் பொத்தானைத் தானாகவே தந்துவிடுகிறார். சண்டை இல்லை. அவரை உறிஞ்சாமலேயே அடுத்த தளத்துக்குப் போய்விடலாம்.