பாட்டியும் மொட்டை மாடியும்

திருவையாறு பக்கம் என் உறவினர் ஒருவர் நாட்டு ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டினார். போன சித்திரையில் போயிருந்தேன். டைல்ஸ், மொட்டை மாடி, எல்லாம் ஜோர். ராத்திரி பத்து மணிக்குப் பாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினார். "உள்ள படுத்தா தோசைக்கல்லுல போட்ட மாதிரி இருக்குப்பா."

பாட்டி சொன்னது பௌதிகம். தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10.8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை, உச்சிச் சூரியன் நேரே தலைக்கு மேல். ஆகவே இங்கே சுவரைவிடக் கூரைதான் முக்கியம். ஐரோப்பியக் கட்டடப் புத்தகங்கள் தெற்கே பெரிய ஜன்னல் வைத்துச் சூரியனை உள்ளே விடச் சொல்லும். கும்பகோணத்தில் யாராவது சூரியனை உள்ளே கூப்பிடுவார்களா?

கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கிற நேரத்தில் நிதானமாகத் திருப்பித் தரும். நாட்டு ஓடு மெலிசு, சீக்கிரம் ஆறிவிடும். இடுக்குகள் வழியே வெப்பக் காற்றும் வெளியேறும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பாதுகாத்து வருகிறது. போனால் கூரையையும் அண்ணாந்து பாருங்கள்.

அதற்காகப் பழைய வீடே சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஐப்பசியில் ஒழுகும், தேள் விழும், குரங்கு ஓட்டைப் பிரிக்கும். தவிர, முற்றமும் ரேழியும் நிலம் உள்ளவர்களுக்கு. அந்த வயலில் நாற்று நட்டவர்களுக்குக் கீற்றுக் குடிசைதான்; தீப்பிடித்தால் தெருவே போகும். அவர்கள் கான்கிரீட் கேட்டதில் தப்பே இல்லை.

தப்பு, கட்டித் தருகிறவர்களிடம். 2011-ல் சூரிய மின்சக்திப் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. வருஷத்துக்கு 60,000 வீடு. 300 சதுர அடி, 1.80 லட்ச ரூபாய், ஐந்து சோலார் சி.எஃப்.எல். விளக்குகள், மேலே கான்கிரீட் தளம். சூரியனிடம் வெளிச்சம் வாங்கினார்கள், சரி. அது மேலே கொட்டும் சூட்டை யார் தடுப்பது? 2024-ல் கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடியில் 300 கான்கிரீட் கூரை, 3.5 லட்சம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள். எட்டு லட்சம் தோசைக்கல் என்று பாட்டி கணக்குப் போடுவார்.

இத்தனைக்கும் வைத்தியம் ரொம்ப மலிவு. தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு, அல்லது வெள்ளை ஓடு. வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. நாம் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கொஞ்சம் வசதி இருந்தால் சோலார். மூன்று கிலோவாட்டுக்கு சுமார் 300 சதுர அடி வேண்டும். கிட்டத்தட்ட அந்த வீட்டுக் கூரையேதான்! மின்சாரமும் வரும், தளத்துக்கு நிழலும் கிடைக்கும். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக எரிக்கிறவருக்கு மின்சாரக் கணக்கு கட்டுபடியாகாது. நிழலுக்கு மானியம் தர நம்மிடம் கோப்பு இல்லை.

உறவினரிடம் சொல்லி மாடியில் இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். ஒரு வாரம் கழித்து போன் செய்தால் பாட்டியே எடுத்தார்.

"பரவால்லப்பா, சூடு கொறஞ்சிருக்கு. ஆனா காத்து வாசல்லதான வருது?"