நிறத்தின் இலக்கணம்: சுவர், பலகை, தறி, கோலம்

பொருள்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை அந்தப் பொருள் உட்கொள்கிறது. மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வந்து கண்ணில் படும் அந்த மீதிக்குத்தான் நிறம் என்று பெயர். போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சி ரூசாவில் தோட்டச் சாலையின் செம்மண் காலை வெயிலில் ஒரு சிவப்பு, உச்சிவேளையில் வெளிறிப்போகிறது, மழை விட்ட மாலையில் அரக்குப் பூசியதுபோல் இருண்டு நிற்கிறது. மண் அதே மண்தான். ஒளியும் ஈரமும் மாறியிருக்கின்றன. தூரிகை பிடிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் பழகவேண்டியது இந்த மாற்றத்தைக் கவனிப்பதுதான்.

வெள்ளை ஒளிக்குள் எல்லா நிறங்களும் அடங்கியிருப்பதை நியூட்டன் 1666 அளவில் முப்பட்டகக் கண்ணாடியை வைத்துக் கண்டார். 1704இல் வெளியான ஒளியியல் நூலில் அந்த நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டினார். இன்று பள்ளிகளில் வரையப்படும் வண்ணச் சக்கரத்துக்கு மூலம் அந்த வட்டமே.

மூன்று அளவுகள்

ஒரு நிறத்தைச் சரியாகச் சொல்ல மூன்று செய்திகள் வேண்டும். அது சிவப்பா, நீலமா, மஞ்சளா என்பது நிறவகை. வெளிறியதா, இருண்டதா என்பது ஒளி அளவு. பளிச்சென்று இருக்கிறதா, மங்கியிருக்கிறதா என்பது செறிவு. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் இம்மூன்றையும் எண்களால் குறிக்கும் முறையை வகுத்தார்.

தமிழ் பேசுபவர்கள் இதே வேலையை முன்னொட்டுகளால் செய்துவருகிறார்கள். இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், அடர்பச்சை, கருநீலம் என்னும்போது நிறவகையும் ஒளி அளவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை ஆகிய மூன்றும் பச்சையே. செறிவிலும் சாய்விலும் வேறுபடுகின்றன. கிளிப்பச்சை மஞ்சளை நோக்கிச் சாய்ந்து ஒளிர்கிறது; பாசிப்பச்சை மங்கியது. புடைவைக் கடையில் மயில்கழுத்து, கத்திரிப்பூ, அரக்கு என்று கேட்டு வாங்கத் தெரிந்தவருக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும்.

தோட்டத்துக் கண்ணும் நிறத்தை அளந்தே பழகியது. செம்பனைக் குலை கறுப்பிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறுவதைப் பார்த்தும் உதிர்ந்த பழங்களைப் பார்த்தும் அறுவடைப் பக்குவம் அறியப்படுகிறது. புகையூட்டிய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் தெளிவையும் கறைகளையும் கண்ணாலேயே பார்த்துத் தரம் பிரித்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பால்மரம் எனப்படும் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்போது பச்சை மஞ்சளாகி, செம்பழுப்பாகி விழுகிறது. அடுத்து வரும் தளிர் செம்பு நிறத்தில் மினுங்கி, பிறகே பச்சைக்குத் திரும்புகிறது. வண்ணச் சக்கரத்தின் ஒரு பாதி சில வாரங்களுக்குள் ஒரே கிளையில் ஓடி முடிகிறது.

கலவையின் விதி

கலந்து பெற முடியாத நிறங்கள் முதன்மை நிறங்கள். அவற்றைக் கலந்து பெறுபவை வழி நிறங்கள். நாட்டிய சாத்திரம் ஒப்பனையைப் பற்றிப் பேசும் இடத்தில் வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய நான்கையும் இயல்பு நிறங்களாக வைக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை, வெண்மையும் சிவப்பும் சேர்ந்தால் தாமரை நிறம் என்று கலவைகளையும் வரிசைப்படுத்துகிறது. அதே நூல் சுவைகளுக்கும் நிறம் வகுக்கிறது: வெகுளிக்குச் சிவப்பு, நகைக்கு வெண்மை, வியப்புக்கு மஞ்சள், அச்சத்துக்குக் கருமை.

ஓவிய வகுப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை. அச்சகத்தில் வெளிர்நீலச் சாயலுள்ள சயான், கருஞ்சிவப்புச் சாயலுள்ள மஜெந்தா, மஞ்சள் ஆகியவற்றோடு கறுப்பும் சேர்கிறது. கைப்பேசித் திரையில் சிவப்பு, பச்சை, நீலம். இம்மூன்று பட்டியல்களும் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும். உண்மையில் முரண்பாடு இல்லை. சாயம் ஒளியை விழுங்குவதால், சாயங்கள் சேரச்சேர இருள் கூடுகிறது. திரையில் ஒளியோடு ஒளி சேர்வதால் வெண்மை கூடுகிறது. தொழிலுக்கு ஏற்ப முதன்மை நிறங்கள் மாறுகின்றன.

மரபின் பள்ளிகள்

தமிழ் மரபில் சுவர் ஓவியம் முதல் பள்ளி. புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் சமணக் குகையில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம் சில நிறங்களிலேயே தீட்டப்பட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் வெளிக்கொணர்ந்தார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இவ்விரு இடங்களின் பூச்சுகளையும் நிறங்களையும் ஆராய்ந்தார். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் பொருள்களே சுவரில் நிலைக்கும். ஆகவே மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், விளக்குக் கரி, சுண்ணாம்பு வெண்மை போன்ற சிலவற்றோடு வண்ணத் தட்டு சுருங்குகிறது. மஞ்சள் காவியைச் சுட்டால் செங்காவி கிடைக்கும். இரண்டும் இரும்பு கலந்த மண்தான். தோட்டச் சாலையின் சிவப்பும் அதே இரும்பிலிருந்து வருகிறது. இந்தப் பள்ளியின் அளவுகோல் அடக்கம்: ஒரே குடும்பத்து நிறங்கள் சண்டையின்றிச் சேர்ந்து நிற்கின்றன.

தஞ்சாவூர்ப் பலகைப் படம் இரண்டாவது பள்ளி. மராட்டியர் ஆட்சியில் செழித்த இதில் சுண்ணாம்புத் தூளும் பசையும் சேர்த்த மேட்டின்மேல் தங்க இதழ் ஒட்டப்படுகிறது. தங்கம் ஒளியைக் கண்ணாடிபோல் திருப்புவதால் அதன் அருகே மங்கல் நிறம் தாக்குப்பிடிக்காது. எனவே பின்புலம் செறிந்த சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ அமைகிறது. வெண்ணெய்க் கண்ணனின் உடலை வெளிர்நிறத்தில் தீட்டும்போது, இருண்ட பின்புலத்திலிருந்து குழந்தை எழுந்து முன்னே வருகிறது. ஒளி அளவின் வேறுபாடே அங்கு வேலை செய்கிறது.

காஞ்சிபுரத்துத் தறி மூன்றாவது பள்ளி. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடினால், துணி அசையும்போது இரண்டும் மாறிமாறித் தெரியும். மயில்கழுத்து நிறம் பிறப்பது அப்படித்தான். கோர்வை முறையில் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கப்படுகின்றன. அரக்குக்குப் பச்சைக் கரை என்னும் தேர்வு, சக்கரத்தில் எதிரெதிரே நிற்கும் நிறங்களைப் பக்கத்தில் வைக்கும் தேர்வே.

நான்காவது அச்சுப் பள்ளி. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாகிக் கடல் கடந்தும் போயின. அத்தகைய நாட்காட்டி முருகனின் கன்னத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் தோல் நிறம் என்று ஒன்று அங்கே இருக்காது. மஞ்சள், மஜெந்தா, சயான் புள்ளிகள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். கலவையை முடித்துவைப்பது பார்ப்பவரின் கண்.

ஐந்தாவது, 1850இல் அலெக்சாந்தர் ஹன்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளி. அதன் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார். சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் நெடுங்காலம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தில் உழைத்து, அதன்பிறகே எண்ணெய் வண்ண அரூப ஓவியங்களுக்கு வந்தார். ஒளி அளவைக் கோட்டில் பழகிக்கொண்ட கை நிறத்தில் தடுமாறாது என்பதற்கு அவர் படைப்புகள் சான்று. அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீனும் அதே கலைப் பள்ளியில் பயின்றவர். அஜந்தாச் சுவர்களின் நினைவு கலந்த அவருடைய வெம்மையான வண்ணங்கள் மலேசிய ஓவியத்தில் தனியிடம் பெற்றுள்ளன.

பக்கத்து நிறம்

பள்ளிகள் ஐந்தும் ஒரே அளவுகோலில் வந்து சந்திக்கின்றன: ஒரு நிறத்தின் மதிப்பைப் பக்கத்து நிறமே முடிவுசெய்கிறது. பாரிசின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவை மேற்பார்த்த செவ்ரல் என்னும் வேதியியலாளர் இதை 1839இல் விதியாக எழுதினார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று வந்த குறையை ஆராய்ந்தபோது, சாயத்தில் பிழை இல்லை, அருகில் நெய்த நிறங்களாலேயே கறுப்பு பொலிவிழந்தது என்று அவர் கண்டார். அடர்சிவப்பின் நடுவே வைத்த சாம்பல் துண்டு பச்சை சாய்ந்து தெரியும். பச்சையின் நடுவே அதே துண்டு சிவந்து தெரியும்.

பத்துமலையில் 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையின் பொன் பூச்சு அவ்வளவு எடுப்பாக நிற்பதற்கு, அதன் பின்னால் உள்ள சாம்பல் சுண்ணாம்புப் பாறை பெருங்காரணம். 2018இல் 272 படிகளுக்கும் பல வண்ணம் தீட்டியபின், அதே பொன் பக்கத்துப் படிகளோடு போட்டியிடுகிறது. ஒரே சிலைக்கு இரு சூழல்களில் இரு தோற்றம்.

பரப்பும் கணக்கில் சேரும். மஞ்சள் ஒளிமிக்கது, ஊதா இருண்டது. கோதே தந்த அளவின்படி மஞ்சளின் ஒளி 9 என்றால் ஊதாவின் ஒளி 3. இரண்டும் சமனாக நிற்க, மஞ்சள் ஒரு பங்கு, ஊதா மூன்று பங்கு இடம் பெறவேண்டும்.

அரிசிக் கோலம் என்னும் பயிற்சிக் களம்

இந்தப் பாடம் முழுவதையும் மலேசியத் தமிழர் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். தீபாவளிக்கு இடும் வண்ண அரிசிக் கோலம் அதற்கு ஏற்ற களம். பச்சரிசியைச் சாயநீரில் பிசறி, நிழலில் பரப்பி உலர்த்துகிறார்கள். உலர்ந்த அரிசி ஈர அரிசியைவிட வெளிறும். அதனால் சாயம் ஒரு படி கூடுதலாகவே விடப்படுகிறது. நிறங்களுக்கு நடுவே விடும் வெள்ளைக் கோடு அழகுக்கு மட்டும் உரியதன்று. பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் காக்கும் வரப்பு அது.

மாணவர் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. நீலச் சாயத்தையும் மஞ்சள் சாயத்தையும் கலந்து ஒரு கிண்ணம் அரிசிக்கு ஊற்றினால் பச்சை அரிசி கிடைக்கும். வேறொரு கிண்ணத்தில் நீல அரிசியையும் மஞ்சள் அரிசியையும் சரிபாதி கலந்து தரையில் பரப்பி, நன்றாகத் தள்ளி நின்று பார்த்தால் அந்தப் பச்சை வராது. சாம்பல் படிந்த மங்கல் நிறமே தெரியும். முன்னதில் சாயங்கள் ஒளியை விழுங்கிக் கலந்தன. பின்னதில் கண் இரு ஒளிகளைச் சராசரியாக்கியது. தூரிகையின் கலவையும் தறியின் கலவையும் எங்கே பிரிகின்றன என்பது இரண்டு கிண்ணங்களில் விளங்கிவிடும்.

கோலம் முடிந்ததும் மூன்று வழிகளில் சரிபார்க்கலாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் உருவம் தெரிந்தால் ஒளி அளவு சரி. பார்வை ஒரே இடத்தில் சிக்கிக்கொள்ளாமல் சுற்றிவந்தால் பரப்பின் பங்கீடு சரி. ஒரு நிறத்தைக் கையால் மறைத்ததும் மற்ற நிறங்களின் பொலிவு மாறினால், அந்த நிறம் தன் இடத்தில் வேலை செய்கிறது. மாறாவிட்டால் அதை அள்ளி எடுத்துவிடலாம்.