கோயில் பூட்டியிருந்த ஞாயிறுகள்

2020 ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு. செஞ்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் என் சித்தி வீடு. கொரோனா ஊரடங்கு அறிவித்தபோது நான் அங்கே இருந்தேன், அங்கேயே தங்கிவிட்டேன். மற்ற ஆண்டுகளில் அன்று காலை ஓலை பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் பவனி போகும், பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள். அந்த ஆண்டு கோயில் பூட்டிக் கிடந்தது. சித்தி கொல்லையில் நின்ற தென்னங்கன்றிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துச் சிலுவையாக மடித்து நிலையில் செருகினார்.

உள்ளே அரிசி டின்மேல் சாய்த்து வைத்த செல்போனில் மாதா டிவியின் திருப்பலி ஓடியது. மூன்று பிள்ளைகள், ஒரே போன். பத்து நிமிடத்தில் படம் நின்று நின்று வந்தது. சின்னவன் எழுந்து ஆட்டுக்குட்டியிடம் போய்விட்டான். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தை நின்றுபோனதால் விற்காமல் வீட்டில் தங்கிய குட்டி அது. பெரியவள் மட்டும் மரியாதைக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

இருட்டியதும் சித்தி பாயை விரித்துச் செபமாலையைத் தொடங்கினார். கூப்பிடாமலே மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதியைச் சித்தி சொல்ல, மறுபாதியைப் பிள்ளைகள் சொன்னார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாத சின்னவன் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். நடுவில் அவன் தூங்கி வழிந்தபோது சித்தி நிறுத்தி, அவன் பங்கு வரும்வரை காத்திருந்தார். செல்போன் அப்படிக் காத்திருக்கவில்லை. பிள்ளைகளின் விசுவாசத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

கூடி வழிபட முடியாத காலம் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது வந்த விதம்தான் வேறு. இங்கே பெரும்பாலும் தூரம்தான் காரணம். செஞ்சி நாட்டுக்கு 1597இலேயே இயேசு சபைக் குரு பிமென்டா வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கரின் தலைநகரைப் பார்த்து வியந்து எழுதினார். பின்னாளில் அருளானந்தர் நடந்து திரிந்த நிலங்களில் இந்தச் சீமையும் உண்டு. ஆனால் ஒரு குருவுக்குப் பல பத்து ஊர்கள். 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார், 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகை. சண்டைக் காலத்தில் சாமியார் எப்போது வருவார் என்று யார் சொல்ல முடியும்? அவர் வராத மாதங்களில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார், பழைய பெயரில் வேதியர். அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் 1720களில் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். மறைப்பணியின் பாரத்தை உண்மையில் சுமப்பவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையில் கதவைச் சாத்தியது சட்டம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், அவர்களுக்குத் தங்க இடம் கொடுப்பதும் குற்றமாயிற்று. ஏறக்குறைய 30 ஆண்டுகள் குருவே இல்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தபோது, அவர் தேடிய விசுவாசம் வீடுகளுக்குள் உயிரோடு இருந்தது. பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். பகலில் டச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் பெற்றோருக்கு அபராதம். அங்கே சீர்திருத்த சபையின் வினாவிடை. இரவில் வீட்டுக்குள், தாழ்ந்த குரலில், தாயும் பாட்டியும் சொல்லித்தந்த செபம். பகலில் படித்தது பலருக்கு நிற்கவில்லை, இரவில் கேட்டது நின்றது.

வாஸ் அடிகளும் அவருக்குப் பின் வந்த குருக்களும் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஊருக்கு ஊர் மூப்பர், அண்ணாவி என்று பொறுப்பாளர்களை வைத்தார்கள். குரு இல்லாத ஞாயிறுகளில் செபத்தை நடத்துவது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருப்பது எல்லாம் அவர்கள் வேலை. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அவர்கள் கையில் கொடுக்கத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலத்தில் இசையோடு வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. வாசிப்பவர் பூசை வைப்பவராக இருக்க வேண்டியதில்லை, குரல் இருந்தால் போதும்.

குரு இல்லாமலும் வீட்டில் செபிக்கும் இந்தப் பழக்கம் பின்னாளிலும் கைகொடுத்தது, ஏனென்றால் இடப்பெயர்வும் பூட்டிய கோயிலும் அங்கே ஓயவில்லை. டச்சுக்காரருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து 1670இல் காட்டுக்குள் கொண்டுபோன மாதா சொரூபம்தான் மடுவில் இருக்கிறது என்பது மரபு. 2008இல் போர் நெருங்கியபோது அதே சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து, சில மாதங்களில் திரும்பி வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இலங்கைத் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்த பிள்ளைகள் பலர். அடுத்த ஞாயிறு நாட்டில் பொதுத் திருப்பலி இல்லை; கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் தம் இல்லச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டார்கள். 2020இல் உலகம் முழுக்கக் கற்றுக்கொண்டதை இலங்கைக் குடும்பங்கள் ஓராண்டு முன்பே, கண்ணீரோடு கற்றிருந்தன.

இன்னொரு வேறுபாட்டை நம்மில் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் சமயம் பள்ளிப் பாடம். சாதாரண தரத் தேர்வுவரை கத்தோலிக்கப் பிள்ளைக்கும் மற்ற கிறிஸ்தவப் பிள்ளைக்கும் தனித்தனிப் பாடநூலை அரசே அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. கோயில் பூட்டினாலும் புத்தகம் பையில் இருக்கும். நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது. அது சரியான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் செபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அதன் விளைவு என்ன? இங்கே ஒரு பிள்ளைக்கு ஞாயிறு மறைக்கல்வி ஒரு மணி நேரம், கோடையில் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி. இரண்டும் நின்றால் மிச்சம் வீடு மட்டுமே.

2020இல் இரண்டும் நின்றன. தமிழ்நாட்டில் எல்லா ஆலயங்களும் திறக்க செப்டம்பர் 1 ஆகிவிட்டது. திறந்தபோதும் 10 வயதுக்குக் கீழுள்ளோரும் 65 வயதைக் கடந்தோரும் வீட்டிலிருப்பதே நல்லது என்றது அரசின் வழிகாட்டுதல். நோய்க்கு அது தேவையான எச்சரிக்கைதான். ஆனால் செபம் கற்கும் வயதும் கற்பிக்கும் வயதும் ஒரே வீட்டில் அடைபட்டிருந்தன. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திய பங்குகள் குறைவு. எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான இடங்களில் யூடியூப் இணைப்பு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு சரி. எங்கள் பக்கம் புதுநன்மை தள்ளிப்போனது. தள்ளிப்போன பிள்ளைகளில் சிலர் பிறகு வகுப்புக்குத் திரும்பவே இல்லை.

ஒலிபரப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்திய வானொலியில் சபைகளுக்கு நேரம் கிடைக்காத காலத்தில் தமிழ்நாட்டு வீடுகள் பல இலங்கையிலிருந்து வந்த குரலில்தான் வேதம் கேட்டன. புத்தளத்து ஒலிபரப்பியிலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் வந்த நிகழ்ச்சிகள் கடல் தாண்டி இங்கே கேட்டன. ஆனால் வானொலியைச் சுற்றி ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. செல்போன் ஒருவர் கைக்குள் அடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டையும் இலங்கையையும் வைத்துப் பார்க்கும்போது, இலங்கை நம்மைவிட ஒன்றில் முந்தி நிற்கிறது: குரு இல்லாமல் செபத்தைத் தொடங்க அங்கே சாதாரண மக்களுக்குத் துணிவும் உரிமையும் உண்டு. நாம் உபதேசியாரை மணி அடிப்பவராகவும் கோயில் சாவி வைத்திருப்பவராகவும் சுருக்கிவிட்டோம். இத்தனைக்கும் வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. 1540களில் முத்துக்குளித்துறையில் சவேரியார் பிள்ளைகளுக்குத் தமிழில் செபம் கற்பித்து, அவர்களையே வீடுகளுக்கும் நோயாளிகளிடமும் அனுப்பினார். 2021 அக்டோபரில் நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் அருகில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. பள்ளி மூடியதால் இழந்ததை மீட்க அரசு தெருவுக்கு ஒரு தன்னார்வலரைத் தேடியது. பங்குகள் அதை ஏன் செய்யக்கூடாது? ஏழெட்டு வீடுகளுக்கு ஒருவர், வாரம் ஒரு மாலை, ஒரு திண்ணை. இதற்குச் செலவும் இல்லை.

அடுத்த முறை எது கதவைச் சாத்தும் என்று தெரியாது. இன்று இரவு உங்கள் வீட்டில் செபம் தொடங்கும்போது, முதல் பாதியைச் சொல்லும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அவன் தடுமாறினால் காத்திருங்கள்.