கழுத்துப் பட்டையும் தலைப் பட்டையும்

ரெனே லலூ இயக்கி 1973இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு அனிமேஷன் படம். அசல் பெயர் 'லா பிளானெத் சொவாழ்'. நேராகத் தமிழில் சொன்னால் காட்டுக் கோள், அல்லது காட்டுமிராண்டிக் கோள். ஆங்கிலத்துக்குப் போனதும் 'ஃபென்டாஸ்டிக் பிளானெட்', அதாவது அதிசயக் கோள் ஆகிவிட்டது. யார் காட்டுமிராண்டி என்று பெயரிலேயே ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியை உருவிவிட்டு வாயைப் பிளக்கிற அதிசயத்தை வைத்துவிட்டார்கள். இந்தப் படத்தைப் பற்றி இத்தனை வருசமாக நடந்துவருகிற பேச்சும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

ஒரு கட்சிக்காரர்கள் படங்களின் அழகில் சொக்கிப் போகிறார்கள். ரோலான் தோப்போர் வரைந்த அந்த விசித்திரச் செடிகொடிகள், சிரித்துக்கொண்டே சின்ன உயிர்களைக் கொல்லும் பிராணிகள், பழைய செதுக்கு அச்சுப் படம் போலக் கோடு கோடாகப் போட்ட நிழல்கள், அலேன் கொரகேரின் மயக்கும் இசை. கஞ்சா புகைத்துவிட்டுப் பார்க்கத் தோதான படம் என்று மேலைநாட்டில் ஒரு பேரே உண்டு. இன்னொரு கட்சிக்காரர்கள், படம் அழகுதான், ஆனால் உயிரில்லை என்கிறார்கள். காகிதத்தில் வெட்டிய உருவங்களை நகர்த்தி எடுத்த படம் ஆகையால் அசைவு விறைப்பாக இருக்கிறது. முகங்களில் உணர்ச்சி இல்லை. கதை ஒல்லியானது, முடிவு அவசரமானது. இப்படிப் போகிறது அவர்கள் குறை.

இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டு பேருமே கண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கழுத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கதை இதுதான். இகாம் என்றொரு கோள். அங்கே ட்ராக் என்னும் நீலநிற, செந்நிறக் கண் கொண்ட ராட்சத உருவத்தினர் வாழ்கிறார்கள். அறிவிலும் தியானத்திலும் மிக உயர்ந்தவர்கள். அவர்கள் காலடியில், அவர்கள் விரல் அளவே இருக்கிற மனிதர்கள். மனிதர்களுக்கு அங்கே பெயர் 'ஓம்'. (ஓம் என்றதும் பிரணவம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். மனிதன் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை உச்சரித்தால் வருகிற ஒலிதான் அது. நம்ம ஊரில் எந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்று காதைப் பொத்தினார்களோ, அந்தச் சொல்லே அங்கே அடிமையின் பெயராக இருக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.) சில ஓம்களை ட்ராக்குகள் வீட்டில் செல்லப்பிராணியாக வளர்ப்பார்கள். மற்றவை காட்டு ஓம்கள். அவை பெருகினால் மருந்தடித்துக் கொல்வார்கள்.

முதல் காட்சியைப் பாருங்கள். ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஒரு நீல விரல் வந்து அவளைச் சுண்டிவிடுகிறது. எழுந்து ஓடுகிறாள். மறுபடி சுண்டுகிறது. மேடேறுகிறாள், கீழே தள்ளுகிறது. கடைசியில் தூக்கிப் போட்டதில் செத்துப் போகிறாள். சுண்டியவர்கள் ட்ராக் குழந்தைகள். அவர்களுக்குக் கோபமோ வெறுப்போ எதுவும் கிடையாது. இனிமேல் இதை வைத்து விளையாட முடியாதே என்ற சின்ன வருத்தம், அவ்வளவுதான். முகத்தில் உணர்ச்சியில்லை என்று குறை சொல்கிற விமர்சகர்களிடம் நான் கேட்பது இதுதான்: இந்த இடத்தில் அந்த முகத்தில் என்ன உணர்ச்சியை வரையச் சொல்கிறீர்கள்? கொடூரமாகப் பல்லைக் கடிக்கிற வில்லன்தான் ஒடுக்குகிறவன் என்று சினிமா நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. மிராசுதார் என்றால் மீசை, சாட்டை, சிவந்த கண். ஆனால் நமக்குத் தெரிந்த கொடுமைகளில் பாதி, மீசை முறுக்காமல், குரல் உயர்த்தாமல், பழக்கத்தில் செய்யப்படுபவை. தனியாக டம்ளர் எடுத்து வைக்கிறவன் முகத்தில் என்ன வெறி இருக்கிறது? கொட்டாவி விட்டுக்கொண்டேதான் வைக்கிறான். அந்த விறைப்பு தொழில்நுட்பக் குறையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், இந்தப் படத்துக்கு அது பொருந்திவிட்டது.

அந்தத் தாயின் குழந்தையை டிவா என்ற ட்ராக் சிறுமி எடுத்து வளர்க்கிறாள். டெர் என்று பெயர் வைக்கிறாள். விதவிதமாகச் சட்டை போட்டு அழகு பார்க்கிறாள். அவளுக்கு அவன்மேல் பிரியம் உண்டு, அதில் பொய் கிடையாது. ஆனால் அவன் கழுத்தில் ஒரு பட்டை. அவள் கையில் ஒரு காப்பு. காப்பை இயக்கினால் எங்கே ஓடினாலும் கழுத்து அவனை இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கும். எங்களை நல்லா வச்சிருந்தாங்க, பழைய துணியெல்லாம் குடுப்பாங்க, மிச்சச் சோறு போடுவாங்க என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பண்ணையார் வீட்டைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிரியமும் பட்டையும் சேர்ந்தே இருக்கும் என்பதை டிவாவைப் போல எனக்கு வேறு எந்தப் பாத்திரமும் காட்டியதில்லை.

இனிதான் படத்தின் உயிரான இடம். ட்ராக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஒரு தலைப்பட்டையை மாட்டிக்கொண்டால் பாடம் நேராக மண்டைக்குள் இறங்கும். டிவா படிக்கும்போது டெர் அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறான். பாடம் அவன் காதுக்கும் எட்டுகிறது. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனுக்கென்று யாரும் நினைக்கவுமில்லை. திண்ணைக்கு வெளியே நின்று கேட்டவன் மாதிரி கேட்டுக் கற்றுக்கொள்கிறான். ஒருநாள் அந்தத் தலைப்பட்டையைத் திருடி இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். டிவா காப்பை இயக்குகிறாள். கழுத்து பின்னால் இழுக்கிறது. கையிலோ தலைப்பட்டை. ஒரு காட்டு ஓம் பெண் வந்து அந்தக் கழுத்துப் பட்டையை அறுத்து விடுகிறாள். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால் அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்க்கிறவனுக்கு, வண்ணம் எப்படி, கோடு எப்படி என்று ரசித்துக்கொண்டிருக்க எங்கே நேரம்?

காட்டு ஓம்கள் டெரைக் கட்டிப்பிடித்து வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களிலும் ஒரு மந்திரவாதி இருக்கிறான். ட்ராக்கின் அறிவு நமக்கு வேண்டாம் என்று அவன் தடுக்கிறான். மார்பில் ஒரு கடிக்கிற பிராணியைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டு ஜெயித்துத்தான் டெர் அந்தப் பாடத்தைத் தன் சனங்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நம்ம படிப்பு நமக்குப் போதும் என்று உள்ளிருந்தே வருகிற குரலைப் படம் மறைக்கவில்லை. படித்த பிறகு என்ன நடக்கிறது? சுவரில் எழுதியிருப்பதை டெர் வாசிக்கிறான். இந்தப் பூங்காவில் ஓம் ஒழிப்பு நடக்கப் போகிறது என்ற அறிவிப்பு அது. அத்தனை நாளும் அந்த மக்களுக்கு எழுத்து வெறும் கீறலாகத்தான் இருந்திருக்கிறது. தங்களைக் கொல்லப் போகிற உத்தரவைத் தாங்களே வாசித்தது அப்போதுதான் முதல் தடவை.

அந்த ஒழிப்புக் காட்சியை எடுத்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. தோப்போர் 1938இல் பாரிசில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த யூதர்களின் பிள்ளை. அவர் தகப்பனாரைப் பிடித்துப் பித்திவியே முகாமில் அடைத்தார்கள், அவர் அங்கிருந்து தப்பினார். பிள்ளை சாவுவா பக்கம் ஒளித்து வளர்க்கப்பட்டவர். ஆகவே விஷவாயுவைச் சுகாதார நடவடிக்கை என்று சொல்லி அடிக்கிற காட்சி அவருக்குக் கற்பனை அல்ல. லலூ திரைக்கு வருவதற்கு முன் ஒரு மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அங்கிருந்த நோயாளிகளோடு சேர்ந்துதான் 1960இல் 'குரங்கின் பற்கள்' என்ற குறும்படத்தை எடுத்தார். மூலக்கதை ஸ்டெஃபான் வுல் 1957இல் எழுதிய நாவல், அவர் பல் மருத்துவர். வேலை நடந்த இடம் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரம், யிரி த்ரன்காவின் பெயரால் அமைந்த ஸ்டுடியோ. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் அந்த ஊருக்குள் நுழைந்தன. ஆகவே இது சோவியத் ஆக்கிரமிப்பைப் பற்றிய உருவகம் என்று ஒரு சாரார் எழுதி வருகிறார்கள். நாவல் அதற்கு 11 வருசம் முந்தியது என்பதை அவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். விலங்குகளிடம் நாம் நடந்துகொள்வதைப் பற்றிய படம் என்பார்கள் இன்னொரு சாரார். அதுவும் சரிதான். ஆனால் நம்மை விலங்காக நடத்தியதைப் பற்றிய படமாகவும் இருக்கலாமே என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. 1973இல் கான் விழாவில் சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். அமெரிக்காவுக்கு ரோஜர் கோர்மனின் கம்பெனி கொண்டுபோனது. பின்னாளில் அதன் இசைத் துணுக்குகளை மேட்லிப் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் எடுத்துத் தங்கள் ஹிப்-ஹாப்பில் கோர்த்துக்கொண்டார்கள். எழுதப்பட்ட பல விமர்சனங்களைவிட அது நல்ல விமர்சனம் என்பது என் எண்ணம்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. ஒரு திரையிடல் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது தோழி ஒருத்தி கேட்டார்: "பட்டைய அறுத்து விட்டது ஒரு பொம்பள. அதுக்கப்புறம் அவ எங்க போனா?" பதில் யாரிடமும் இல்லை. ஓம் பெண்கள் பாதி உடம்பு தெரியத் திரிவதும் பிள்ளை பெறுவதும்தான் படத்தில் பெரும்பாலும் நடக்கிறது. சண்டை, படிப்பு, ராக்கெட் எல்லாம் ஆம்பளைகள் கையில். குழிப் புதரில் இருக்கிற இன்னொரு கூட்டத்துக்குத் தலைவியாக ஒரு கிழவி வருகிறாள், அவள் ஒருத்திதான் விதிவிலக்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று எனக்கு உண்டு. ட்ராக்கும் ஓமும் வேறு வேறு உயிரினம். ஒருவன் மலையளவு, ஒருவன் விரலளவு. ஒடுக்குமுறையைப் பளிச்சென்று காட்ட இது வசதி. ஆனால் சாதி இப்படியா இருக்கிறது? ஒரே உயரம், ஒரே ரத்தம், ஒரே மொழி. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் பேரைக் கேட்கிறான், ஊரைக் கேட்கிறான், தெருவைக் கேட்கிறான். அம்பேத்கர் சொன்ன படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வில் மேலே ஒருத்தன் கீழே ஒருத்தன் என்று இரண்டு படி மட்டும் இல்லை. மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒருத்தன் கீழே வைக்கப்பட்டிருக்கிறான். பெரிய மரத்து ஓம்களுக்கும் புதர் ஓம்களுக்கும் பகை என்று படம் லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. அங்கே இன்னும் அரைமணி நேரம் நின்றிருக்கலாம். படம் மொத்தமே 72 நிமிடம்தான்.

முடிவு அவசரம் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது, அது அவசரம்தான். தப்பிய ஓம்கள் ட்ராக் அறிவை வைத்தே ராக்கெட் கட்டிக் காட்டுக் கோளுக்குப் போகிறார்கள். அங்கே தலையில்லாத பெரிய சிலைகள். ட்ராக்குகளின் தியானம் குமிழிகளாக வந்து அந்தச் சிலைகளின் மேல் உட்கார்ந்து நடனமாடுகிறது. அவர்களுக்கு உயிர்ச்சக்தியும் சந்ததியும் அங்கிருந்துதான். அத்தனை உயர்ந்த தியானத்துக்கும் ஓர் உடம்பு வேண்டியிருக்கிறது, அதுவும் தலையில்லாத உடம்பு! ஓம்கள் ஒளிக்கதிரால் சிலைகளை நொறுக்குகிறார்கள். ட்ராக்குகள் ஆடிப்போய் உடனே சமாதானத்துக்கு வருகிறார்கள். மனம் மாறி வரவில்லை, ஆபத்து வந்ததால் வந்தார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. சமாதானத்தில் கிடைத்தது என்ன? ஓம்களுக்கென்று தனியாக ஒரு செயற்கைத் துணைக்கோள். அதன் பெயர் டெர்.

தனிக் கோள் என்றதும் எனக்கு முதலில் சேரிதான் ஞாபகம் வந்தது. ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டு அதற்குச் சமாதானம் என்று பேர் வைத்துவிட்டார்களே என்று ஆத்திரம். பக்கத்தில் இருந்த தோழர் ஒத்துக்கொள்ளவில்லை. 1942இல் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்டோர் மாநாடு சாதி இந்துக் கிராமங்களிலிருந்து விலகித் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டதை அவர் எடுத்துச் சொன்னார். ஒதுக்குவது வேற, நாமளா பிரிஞ்சு போறது வேற என்றார். பிரிந்துபோகிற இடத்தின் நிலமும் தண்ணியும் யார் கையில் இருக்கும் என்று நான் கேட்டேன். அந்தத் துணைக்கோளைப் படம் தூரத்திலிருந்துதான் காட்டுகிறது. அதற்குள் யார் எங்கே குடியிருக்கிறார்கள், பெரிய மரத்து ஆட்களும் புதர் ஆட்களும் ஒரே தெருவில் இருக்கிறார்களா என்பதைக் காட்டவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். பேச்சு அந்த மட்டில் நிற்கிறது.