முகத்துக்கு எத்தனை மார்க்?

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு ஸ்டூடியோ. எம்.பி.பி.எஸ். முடித்த உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒரே முகத்துக்கு இரண்டு விதமாகப் படம் கேட்டாள். ஒன்று இங்கே மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு. "இருக்கிற மாதிரியே போடுங்கண்ணே." இன்னொன்று அமெரிக்காவில் ரெசிடென்சி விண்ணப்பத்துக்கு. "இது மட்டும் கொஞ்சம் வெளுப்பா." ஏனென்று கேட்டேன். "பரீட்சை ஹால்ல நான்தானான்னு பாப்பாங்க மாமா. அங்க நான் வேணுமான்னுல்ல பாப்பாங்க" என்றாள்.

புகைப்படம் பற்றிய கோட்பாட்டுப் பேச்செல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம். அடையாளம் காண்பதும் தேர்ந்தெடுப்பதும் வேறு வேறு அதிகாரச் செயல்பாடுகள். முன்னதற்கென்று வாங்கும் படம் சத்தமில்லாமல் பின்னதற்குள் நுழைந்துவிடுகிறது.

ரெசிடென்சி விண்ணப்பத்தில் படம் கட்டாயமில்லை. ஆனால் வைத்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் 5 கதிரியக்கத் துறைகளில் பேராசிரியர்களிடம் மாதிரி விண்ணப்பங்களைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. லட்சணமான முகத்துக்குக் கூடுதல் மதிப்பு. பருத்த உடலுக்குக் குறைவு. மதிப்பிட்டவர்கள் யார்? படத்தைப் பார்த்து நோயைச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள்! பயிற்சி பெற்ற கண் பாரபட்சமற்ற கண் என்கிற நம்பிக்கை இங்கே உடைகிறது.

'அமெரிக்காக்காரன் நிறம் பார்ப்பான்' என்று ஒதுங்க நமக்கு வழியில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயரின் சாதி வாலை நறுக்கினோம். பெரிய காரியம்தான். ஆனால் பெயர் ஊமையானதும் கண் வேறு குறிகளைத் தேடத் தொடங்கியது: நிறம், நெற்றி, உடை, பேச்சு, அப்பாவின் தொழில், 'சொந்த ஊர் எது தம்பி?'

இந்தக் கண்ணுக்கு மதிப்பெண்ணே ஒதுக்கிய காலம் உண்டு. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு, சேவை, உடல்நிலை, பொதுத்திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். 1970 செப்டம்பரில் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கிளறியது. தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக மார்க் போட்டிருந்தார்கள். அது சட்டவிரோதம் என்றது தீர்ப்பு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'மொத்தமாக' என்கிற சொல். கணக்குச் சொல்ல வேண்டாத பார்வைதான் அதிகாரத்தின் சுகமான இருப்பிடம். 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றும் சொன்னார்கள். அளவு குறைந்தது, சரி. பார்வை மாறியதா?

அப்படியானால் முகம் பார்க்காத நுழைவுத் தேர்வே நீதி என்பார்கள் தகுதிவாதிகள். முகத்தைப் பார்க்காது, முகத்துக்குப் பின்னால் இருக்கும் பணத்தைப் பார்க்கும். ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கை இளநிலை நீட் குறித்து இதைத்தான் சொன்னது. தேர்வில் தப்பி உள்ளே போனாலும் முகம் கூடவே போகிறது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் பட்ட பாட்டை 2007இல் தோரட் குழு பதிவு செய்தது. வாய்மொழித் தேர்வு அறையில் ஹால் டிக்கெட் எண் போதாது, ஆளே எதிரில் நிற்க வேண்டுமே.

ஆகவே படத்தைக் கிழித்துப் போடு என்பது பாதிக் கோரிக்கை. முடிவெடுத்த பிறகு படத்தைத் திறக்கட்டும். ஆளை நேரில் பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் எதற்கு எத்தனை மார்க் என்று தனித்தனியாக எழுதி, கேட்பவருக்குக் காட்டட்டும். பார்க்கும் நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்டூடியோக்காரர் வெளுப்பாக்கிய படத்தைத் திரையில் காட்டி, "போதுமா, இன்னும் கொஞ்சம் ஏத்தவா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "போதும்" என்று சொன்னது நான்தான். 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.