ஊசிக்குச் சோறா, சோற்றுக்கு ஊசியா?

கேரி தீவில் செம்பனைக்கு நடுவே குடியிருக்கும் என் சின்னம்மாவுக்கு வயது 76. காலை 6 மணிக்கு இன்சுலின் பேனாவை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுவார். அடியில் படிந்த வெள்ளை மருந்து கலந்து பால்போல் ஆன பிறகுதான் குத்துவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குத்திய அரைமணியில் பசியாற வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

அவருக்குக் கொடுத்திருப்பது கலப்பு இன்சுலின்: சீக்கிரம் வேலை செய்வது 30 பங்கு, நின்று வேலை செய்வது 70 பங்கு. ஒரே பேனா, நாளைக்கு இரண்டே குத்து. நான்கு முறை குத்துவதோடு ஒப்பிட்டால், பார்வை மங்கி விரல் நடுங்குபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு டாக்டரையும் பார்த்து மருந்தும் வாங்கிவிடலாம். இது சாதாரணமில்லை, விலைக்குப் பயந்து இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொள்பவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு.

ஆனாலும் இந்தக் கலப்பு இன்சுலின், தோட்டத்துப் பெரட்டுக்குப் போய், குலை வெட்டி, மணியடித்தாற்போல் சாப்பிட்ட உடம்புக்கான மருந்து. சின்னம்மா இன்று அரை இட்லி, நாளை இரண்டு ரொட்டி சானாய், வெள்ளிக்கிழமை ஒருபொழுது. சாப்பாடு குறைந்த நாளில் சீக்கிரம் வேலை செய்யும் பங்கை மட்டும் குறைக்க இந்தப் பேனாவில் வழியில்லை. அந்திக்குப் போட்ட ஊசியின் வேகம் நள்ளிரவில் ஏறும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் இன்னும் நேரம் தங்கும். ரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும்போது இளையவர்களுக்கு வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். முதியவர்களோ சில வேளை உளறுவார்கள், தடுமாறி விழுவார்கள். வீட்டார் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள்.

ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். காலை ஊசியை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. சின்னம்மா வழக்கம்போல் குத்திக்கொண்டு போய், வரிசையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார்.

சர்க்கரை இப்படி இறங்குவதில் மருந்தைவிட இலக்கின் தவறுதான் பெரிது என்பேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) 7 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது இளையவர்களுக்குச் சரி. பல நோய்கள் சேர்ந்த முதியவருக்கு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். சராசரி 62 வயதினரிடம் அதை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்த அக்கார்டு ஆய்வில், அந்தப் பிரிவில் மரணம் கூடியதால் 2008-இல் அந்தச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள்.

காலையில் ஒரே ஒரு நீண்ட நேர இன்சுலின், கூட மாத்திரை என்று மாற்றுவதும் உண்டு. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை கொஞ்சம் ஏறும். எல்லாருக்கும் பொருந்தவும் செய்யாது. தனியாக இருக்கும் 76 வயதுக்கு அந்தக் கொஞ்சம் பரவாயில்லை என்பது என் கட்சி.

கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, அளவை நீங்களாக மாற்றாதீர்கள். சாப்பிடாத வேளையையும் சர்க்கரை இறங்கிய இரவையும் ஒரு புத்தகத்தில் குறித்து, அடுத்த முறை கூடவே போய் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை அம்மாவின் தலைமாட்டில் மூன்று தேக்கரண்டி சீனியும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கட்டும்.